கொறங்காட்டில் எத்தனை மாடு விடலாம்? இந்த வருடம் புல்லை நிறுத்துப் பார்த்தேன்

வணக்கம்ங்க. வெள்ளகோவில் பக்கம் எங்கள் கொறங்காட்டுக்குள் நின்றுதான் பேசுகிறேன். காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மார்கழி முடியப் போகிறது, மழையும் ஓய்ந்துவிட்டது. பின்னால் தெரிகிற இந்தப் புல்தான் சித்திரை, வைகாசியில் கோடை மழை இறங்கும்வரை எங்கள் மாடுகளுக்கு. ஆகவே எத்தனை மாடு வைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் இதுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், இவ்வளவுதான் கொறங்காடு. கடவை, அதாவது வேலி வாசலை, அடைத்துவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். காங்கேயம் மாடு இந்த மாதிரிக் காட்டில் மேய்ந்து வளர்ந்த மாடு.

எங்களுடையது ஆறு ஏக்கர். சில வருடம் முன்பு இதில் ஐந்து பசுவை விட்டேன். தை மாதம் பார்க்கக் காடு நிறையப் புல் இருந்தது, அந்தத் தைரியம்தான். பங்குனியில் மண் தெரிந்தது. அப்போதும் மாட்டை வெளியே எடுக்கவில்லை. பசி தாங்காமல் புல்லின் அடித்தூரையே கடித்துவிட்டன. அடுத்த மழைக்குப் புல் வரவேண்டிய இடத்தில் பார்த்தீனியமும் ஆவாரையும்தான் வந்தன. மாடு வாய் வைக்காத செடிகள்தான் மிஞ்சும். அந்தத் திட்டுகள் சரியாக எனக்கு மூன்று மழைக்காலம் ஆயிற்று. இன்னமும் அந்த மூலைக்குப் போனால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, இப்போது செய்வதைச் சொல்கிறேன். இதோ, பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செய்த சட்டம். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர். நடந்துகொண்டே பத்து இடத்தில் போட வேண்டும். புல் நன்றாக இருக்கிற இடமாகத் தேடிப் போடக் கூடாது. மர நிழல், மொட்டைத் திட்டு, எது வந்தாலும் வந்ததுதான். சட்டத்துக்குள் இருக்கும் புல்லைத் தரையிலிருந்து இரண்டு விரல் விட்டு அறுத்துச் சாக்கில் கட்டி வெயிலில் காய வைத்தேன். இரண்டு நாள் அடுத்தடுத்து நிறுத்தும் எடை குறையாவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பத்து இடத்துப் புல்லும் சேர்த்துப் பச்சையாக மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது, காய்ந்த பிறகு 2 கிலோ. அதாவது ஒரு சட்டத்துக்கு 200 கிராம்.

ஏக்கருக்கு 4047 சதுர மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 800 கிலோ. ஆறு ஏக்கருக்கு 4800. இதில் பாதிதான் மாட்டுக்கு! மறு பாதி மண்ணை மூடவும், வேர் பிழைக்கவும், விதை விழவும் வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் கை வராது. "இவ்வளவு புல் நிற்கிறதே" என்று கண் சொல்லும், கேட்காதீர்கள். ஆக நமக்கு 2400 கிலோ.

அப்புறம் மாட்டின் எடை. டேப்பை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிப் பிடியுங்கள். எங்கள் பசுவுக்கு 155 செ.மீ. தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனைவரை 135. சுற்றளவை அதே அளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் 300 கிலோ வருகிறது. காய்ந்த தீவனக் கணக்கில் மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை சதவீதம் தின்னும். அப்படியானால் ஏழரைக் கிலோ.

இப்போது என்னிடம் மூன்று பசுவும் 120 கிலோக் கன்று ஒன்றும் இருக்கின்றன. நாளுக்கு இருபத்தைந்தரைக் கிலோ. 2400 கிலோ 94 நாளில் தீரும், சித்திரை பிறக்கும்போதே காடு காலி. அன்று ஐந்து பசு விட்டேனே, அதே கணக்கில் 64 நாள்தான், பங்குனி முதல் வாரம். அன்றைக்கு இதைப் போட்டுப் பார்க்கவில்லையே என்றிருக்கிறது.

இரண்டு பசுவும் கன்றும் என்றால் 133 நாள் தாங்கும், வைகாசி வரை. உதிர்கிற வேலங்காயைக் கணக்கில் சேர்க்கவில்லை. மழை தள்ளிப்போனால் கைகொடுக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தை சித்திரையில் வருகிறது, அதுவரை பார்க்கலாம் என்று பக்கத்துக் காட்டு அண்ணன் சொன்னார். அதற்குள் புல் போய்விடும். சினையாக இருக்கும் மயிலைப் பசுவை இன்று சாயங்காலமே கட்டுத்தறைக்குக் கொண்டுபோகிறேன். கண்முன்னால் இருந்தால் அதற்கும் நல்லது. 130 நாளுக்கு ஒரு டன் சோளத்தட்டு வேண்டும், போரில் இருக்கிறது. தட்டு மட்டும் போதாது, பருத்திக்கொட்டையும் தவிடும் சேர்த்துப் போடுவேன். வைகாசியில் இதே இடத்தில் நின்று புல் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிறேன்ங்க.