கடன் தீர்த்த ரோபோக்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை டிஸ்கோவுக்குத் தாரை வார்த்துவிட்டு வந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்து பின்வரிசையில் நிற்பவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ரோபோ ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மேடையேறிய டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை இரட்டையர் 2013இல் வெளியிட்ட 'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' ஆல்பம் பழங்கதை பேசித் தேங்கியதா, பழங்கடன் தீர்த்து முன்னேறியதா? முன்னேறியது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பிரமாதமாகப் பேசினார். உலகமே எலக்ட்ரானிக் நடன இசைக்குக் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில், அதற்கு வழி போட்டுக் கொடுத்தவர்களே லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, காந்த நாடாவில் பதிவு செய்து, எழுபதுகளின் டிஸ்கோ பெரியவர்களைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். இது ஆல்பம் இல்லை, ரிட்டயர்மென்ட் பார்ட்டி என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நகைச்சுவைக்குத்தான் ஐயா, கருத்துக்கு இல்லை!

சரி, யார் ரிட்டயர் ஆனார்கள்? அந்த ஆல்பத்தில் பேசும் டிஸ்கோ இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜோ மோரோடர் 1940இல் பிறந்தவர். எழுபதைத் தாண்டியவர், அதற்குப் பிறகு டி.ஜே. மேடை ஏறினார். 2015இல் நீண்ட இடைவெளிக்குப் பின் புதிய ஆல்பம் போட்டார். கிதார் வாசித்த நைல் ராட்ஜர்ஸுக்கு 2010இல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆல்பத்தின் ஹிட் பாட்டான 'கெட் லக்கி' வந்த பிறகு அவரை மேடையிலிருந்து இறக்கவே முடியவில்லை. 2018இல் ஷீக் என்ற தன் பழைய டிஸ்கோ குழுவின் பெயரில் புது ஆல்பமும் கொண்டுவந்தார். பார்ட்டி முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிப் போகும் ரிட்டயர்மென்ட் பார்ட்டியை எதிரணித் தலைவர் எங்கே பார்த்தாரோ தெரியவில்லை.

நடுவர் அவர்களே, நான் இந்த இரட்டையரை 1997இல் 'ஹோம்வொர்க்' ஆல்பம் வந்த காலத்திலிருந்து கேட்டுவருகிறவன். எலும்புக்கூடுகளும் மம்மிகளும் ரோபோக்களும் வட்டமடித்து ஆடும் அந்த ஆல்பத்துப் பாட்டு வீடியோவை எம்டிவியில் பார்த்துவிட்டு, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று சிரித்து, சிரித்தபடியே ரசிகனானவன். அதனால் எனக்கு இவர்கள்மேல் பாசம் உண்டு. பாசம் இருப்பவனுக்குத்தான் குறையும் தெரியும், அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் எதிரணி நண்பர் விட்டுவிட்ட ஒரு கதையை முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாமல் இந்த ஆல்பத்தைப் பற்றித் தீர்ப்பே சொல்ல முடியாது.

1979 ஜூலை 12. சிகாகோவில் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இடைவேளையில் ஒரு ரேடியோ அறிவிப்பாளர், ரசிகர்கள் கொண்டுவந்த டிஸ்கோ இசைத்தட்டுகளை மைதானத்தின் நடுவே குவித்து வெடி வைத்துத் தகர்த்தார். கூட்டம் உள்ளே இறங்கிப் புல்தரையைப் பிய்த்துப் போட, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ யாருடைய இசை? கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் தங்கள் இரவுகளுக்காக உருவாக்கிக்கொண்டது. வெடித்தது வெறும் பிளாஸ்டிக்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? அடுத்த மாதமே ஷீக் குழுவின் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது என்பது வேடிக்கை. அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்கு அப்படி ஒரு வெற்றி அமையவே இல்லை என்பது வேடிக்கை இல்லை. ராட்ஜர்ஸ் மற்றவர்களுக்கு இசைத் தயாரிப்பாளராகிப் பேரும் புகழும் பெற்றார், உண்மை. ஆனால் 'டிஸ்கோ' என்பது வெளியே சொல்லக் கூசும் வார்த்தையாகிவிட்டது.

அதே சிகாகோவில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் டி.ஜே. ஃபிராங்கி நக்கிள்ஸ் அந்தப் பழைய தட்டுகளையே விடாமல் சுழற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் ஹவுஸ் என்ற கிளப் நடன இசை பிறந்தது. ஹவுஸ் கடல் தாண்டிப் பாரிஸுக்கு வந்து, தோமா பாங்கல்தேர், கீ-மனுவேல் தெ ஓமெம்-கிறிஸ்தோ என்ற, பின்னாளில் டாஃப்ட் பங்க் ஆன இரண்டு பையன்களின் கையில் சேர்ந்தது. அதில் தோமாவின் அப்பா டேனியல் வாங்கார்ட் யார் தெரியுமா? ஒட்டாவான் குழுவுக்கு டிஸ்கோ ஹிட்டுகள் எழுதித் தயாரித்தவர்! எதிரணி நண்பர் சொல்வதுபோல இவர்கள் 2013இல் திடீரென்று டிஸ்கோவைத் தேடிப் போகவில்லை. தோமாவுக்கு அது வீட்டிலேயே இருந்தது.

இனிமேல்தான் என் வாதத்தின் கனமான பகுதி. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

2001இல் வந்த 'டிஸ்கவரி' ஆல்பம். அதை வழிபடும் கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த ஆல்பம் எப்படி உருவானது? பழைய இசைத்தட்டுகளிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, சாம்ப்ளர் என்ற மெஷினில் போட்டு, திருப்பி, சுருக்கி, மறுபடி மறுபடி ஒலிக்க விட்டு. எட்வின் பேர்ட்சாங், ஜார்ஜ் டியூக் என்று 1979இல் பாட்டுப் போட்டவர்களின் சில விநாடிகள் அதில் புதுப் பாட்டாக மாறின. அது கலை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. 'ஒன் மோர் டைம்' பாட்டுக்கு அடித்தளமான துண்டைப் பாடியவர் எடி ஜான்ஸ். அவரை 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தேடிப்பிடித்து எழுதியது. வீடில்லாமல் தெருவில் காலம் தள்ளியவர். உலகமே ஆடிய அந்தப் பாட்டுக்கான பணம் பழைய பாட்டின் உரிமையாளருக்குப் போயிருக்கிறது, பாடிய மனிதருக்கு வந்து சேரவே இல்லை. சாம்ப்ளிங்கில் இந்த ஆபத்து உண்டு. குரல் வந்துவிடும், குரலுக்குரியவர் வரமாட்டார்.

'ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்' செய்தது இதற்கு நேர் எதிர். 13 பாட்டுகளில் ஒன்றே ஒன்றில்தான் வெட்டி எடுத்த துண்டு இருக்கிறது. மற்றவற்றில் துண்டு வேண்டாம், வாசித்த மனிதரையே கூப்பிடு என்றார்கள். 'ஆஃப் த வால்' ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்சனுக்கு டிரம்ஸ் வாசித்த ஜான் ராபின்சனை அழைத்தார்கள். டிரம்ஸுக்கு ஓமர் ஹக்கீமும் வந்தார், பேஸ் கிதாருக்கு நேதன் ஈஸ்ட் வந்தார். ஆல்பங்களின் பின்னட்டையில் பெரும்பாலும் பொடி எழுத்தில் பெயர் வந்துகொண்டிருந்த ஸ்டுடியோ கலைஞர்கள் இவர்கள். நல்ல ஸ்டுடியோ, முழுச் சம்பளம், வாசிக்க நேரம். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் இதைத்தான் 'பணக்காரன் வீட்டு ஏக்கம்' என்று கிண்டல் செய்தார். 'ஹோம்வொர்க்' படுக்கையறையில் உருவானது, இதற்கோ கோடிக்கணக்கில் செலவு என்று கணக்குக் காட்டினார். ஐயா, அந்தக் கோடி எங்கே போனது? வாசித்தவர் கைக்குப் போனது! பணக்காரனுக்கு ஏக்கம் வந்தால் பழைய கார் வாங்கி ஷெட்டில் நிறுத்துவான். இவர்களுக்கு ஏக்கம் வந்தது, பழைய கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது.

(நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கையைத் தூக்கிவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். எதிரணித் தலைவருக்கு நீங்கள் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.)

'ஜார்ஜோ பை மோரோடர்' என்று மூன்றாவது பாட்டு. ஒன்பது நிமிடம். முதல் பகுதியில் பாட்டே இல்லை. ஒரு பெரியவர் தன் வாழ்க்கையைச் சொல்கிறார், பின்னணியில் உணவகத்துச் சலசலப்பு. மோரோடரின் பேச்சைப் பதிவு செய்ய மூன்று மைக் வைத்தார்கள். ஒன்று அறுபதுகளில் செய்தது, ஒன்று எழுபதுகளில் செய்தது, ஒன்று இந்தக் காலத்தது. எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தக் காலத்து மைக். இந்த வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டாராம் மோரோடர். தோமாவுக்குத் தெரியும் என்று பதில் வந்ததாம்! எதிரணி இதை அதீத மோகம் என்று சொல்லலாம். ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கேட்கும்போது காட்ட வேண்டிய கவனம் என்று நான் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் என்ன பேசுகிறார் என்று கவனித்தீர்களா? அந்தக் காலம் போல வருமா என்று ஒரு பெருமூச்சுகூட இல்லை. வரப்போகும் காலத்தின் சத்தத்தை எங்கே தேடுவது என்று இளைஞனாகத் தான் தவித்ததையும், மின்னணு இசைக்கருவியான சிந்தசைசர் கிடைத்ததும் இதுதான் அது என்று தெரிந்ததையும் சொல்கிறார். அவர் பேசி முடித்ததும் சிந்தசைசர் தனியாகக் கிளம்புகிறது, டிரம்ஸ் சேர்கிறது, வயலின்கள் எழுகின்றன, நடுவில் ஓமர் ஹக்கீம் மனிதக் கைகளால் இயந்திரத்தைத் துரத்துகிறார். கடைசியில் எல்லாம் ஓய்ந்து, தாளம் பிசகாமல் இருக்க ஸ்டுடியோவில் ஓட விடும் அந்த 'டிக்' சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. தேக்கம் என்றால் இப்படியா இருக்கும்?

1977இல் மோரோடர், சக தயாரிப்பாளர் பீட் பெலோட்டுடன் சேர்ந்து, பாடகி டோனா சம்மருக்காக 'ஐ ரிமெம்பர் எஸ்டர்டே' என்ற ஆல்பத்தைத் தயாரித்தார். தலைப்பிலேயே நேற்றைய நினைவு! பாட்டுக்குப் பாட்டு பழைய காலங்களின் இசையைத் தொட்டுக்கொண்டே வரும் ஆல்பம் அது. வரப்போகும் காலத்துக்கென்று கடைசிப் பாட்டாக ஒன்று வைத்தார்கள். அதுதான் 'ஐ ஃபீல் லவ்'. கிட்டத்தட்ட முழுக்க மூக் சிந்தசைசரில் செய்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த கிளப்பில் எந்த எலக்ட்ரானிக் தாளம் ஒலித்தாலும் அதில் அந்தப் பாட்டின் ரத்தம் ஓடுகிறது. அந்தப் பாட்டு எதற்குள்ளிருந்து வந்தது? எதிரணியின் கணக்குப்படி 'பழங்கதை பேசும்' ஆல்பத்துக்குள்ளிருந்து! பின்னால் திரும்பிப் பார்த்தாலே தேங்கிப்போவோம் என்றால் எலக்ட்ரானிக் நடன இசையே பிறந்திருக்காதே.

டாஃப்ட் பங்க் அதே வரிசையைத்தான் பிடித்தார்கள். கிதாரும் டிரம்ஸுமாகத் தொடங்கிய ஆல்பம், கடைசிக்கு முந்தைய பாட்டில் முழுக்க எலக்ட்ரானிக்காக மாறுகிறது. கடைசிப் பாட்டு 'காண்டாக்ட்'. நிலவுக்கு மனிதன் கடைசியாகப் போன அப்பல்லோ 17 பயணத்தில், 1972இல், யூஜின் செர்னன் விண்வெளியில் எதையோ பார்த்துவிட்டுப் பேசிய பதிவோடு தொடங்கி, ராக்கெட் கிளம்புவது போன்ற இரைச்சலோடு முடிகிறது.

குறை சொல்வேன் என்றேனே, சொல்கிறேன். ஆல்பம் 74 நிமிடம். பத்து நிமிடம் வெட்டியிருக்கலாம். 'லூஸ் யுவர்செல்ஃப் டு டான்ஸ்' நல்ல பாட்டுதான், ஆனால் சொல்ல வந்ததைப் பாதியிலேயே சொல்லிவிட்டு மீதி நேரம் வாசலில் நின்று விடைபெற்றுக்கொண்டே இருக்கிறது. 'பியாண்ட்' பாட்டை நான் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன். பால் வில்லியம்ஸ் பாடும் 'டச்' முதல் தடவை எனக்கு நாடகத்தனமாகப் பட்டது. இரட்டையர் சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பார்த்த 1974ஆம் வருடத்துப் படத்துக்கு இசையமைத்து அதில் நடித்தவர் அவர் என்று தெரிந்த பிறகும் அந்தப் பாட்டின் சில இடங்கள் எனக்கு அதிகப்படியாகத்தான் இருக்கின்றன. போகட்டும். நீளம் ஒரு குற்றம்தான். தேக்கம் என்பது வேறு குற்றச்சாட்டு.

'ஆடவே முடியவில்லை' என்றார் எதிரணியின் மூன்றாம் பேச்சாளர். 'கெட் லக்கி' கல்யாண ரிசப்ஷனில் போட்டபோது அவர் எங்கே இருந்தார் என்று அவருடைய மனைவியிடம் விசாரிக்க வேண்டும்.

கிராமி விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஜனவரியில் வருடத்தின் சிறந்த ஆல்பம் என்ற விருது உட்பட ஐந்து விருதுகள். விருதை வைத்து இசையை எடை போடுகிறவன் நான் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மேடையில் நின்றவர்கள். ஹெல்மெட் போட்ட இரண்டு ரோபோக்கள் வாய் திறக்கவில்லை. பேசியவர் பால் வில்லியம்ஸ். அன்றைய நிகழ்ச்சியில் நைல் ராட்ஜர்ஸ், நேதன் ஈஸ்ட், ஓமர் ஹக்கீம் ஆகியோர் வாசிக்க, ஸ்டீவி வொண்டரும் 'கெட் லக்கி'யின் பாடகர் ஃபாரலும் பாடினார்கள். 1979இல் மைதானத்தில் வெடி வைத்துத் தகர்த்தார்களே, அந்த இசையை அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய இரவில் முன்வரிசை எழுந்து நின்று ஆடிக் கேட்டது.

கடைசியாக, எதிரணியின் துருப்புச் சீட்டு. இவ்வளவு முன்னேற்றம் என்றால் அதற்குப் பிறகு ஏன் இன்னொரு ஆல்பம் வரவில்லை, 2021 பிப்ரவரி 22இல் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டார்கள். ரசிகனாக எனக்கும் அது வலித்தது. ஆனால் 2022இல் போர்தோ நகரத்தில் ஒரு பாலே அரங்கேறியது. அதற்கு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான இசையை எழுதியவர் தோமா பாங்கல்தேர். ஹெல்மெட் இல்லை, சாம்ப்ளர் இல்லை, டிரம் மெஷின் இல்லை. நான்காவதாகப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. 1997இல் படுக்கையறையில் மெஷினோடு உட்கார்ந்திருந்தவர் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுமிடம் வரை போக நடுவில் ஒரு பாலம் வேண்டும். மனிதர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொன்ன 2013ஆம் வருட ஆல்பம் அந்தப் பாலம் இல்லையென்றால் வேறு எது? பதில் வைத்திருக்கிறீர்களா? மைக்கை உங்களிடமே தருகிறேன், வாங்க.