ஒற்றை ஆளின் வாத்தியக் குழு: ஷூகோ டோகுமாரு

நேயர்களுக்கு வணக்கம். ஷூகோ டோகுமாரு 1980-இல் டோக்கியோவில் பிறந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்களை வாசிப்பவர் என்றுதான் அவரை எல்லாரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அந்த எண்ணிக்கையில் வியந்து நின்றுவிட்டால் அவருடைய உண்மையான திறமை நம் காதில் விழாமலே போய்விடும். அத்தனை வாத்தியங்களையும் ஒன்றையொன்று அமுக்காமல் மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்குள் அடுக்குகிறாரே, அதுதான் அவருடைய கலை.

சிறுவயதில் பியானோ, பிறகு கிட்டார். இளைஞராக அமெரிக்கா போய் ஜாஸ் பயின்றார். 2004-இல் வந்த முதல் ஆல்பம் ‘நைட் பீஸ்’. அதை வெளியிட்டது நியூயார்க்கின் ஒரு சிறு நிறுவனம். பாடல்களோ ஜப்பானிய மொழியில். மொழி புரியாத அமெரிக்க விமர்சகர்கள் இசைக்காகவே அதைக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டே ‘எல்.எஸ்.டி.’ (L.S.T.) வந்தது. தான் கண்ட கனவுகளைக் குறித்துவைத்து, அந்தக் குறிப்பேட்டிலிருந்து பாடல் வரிகளை எடுப்பது அவர் வழக்கம். எழுதுவது, வாசிப்பது, பாடுவது, ஒலிப்பதிவு, ஒலிக்கலவை என எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவரே.

2007-இல் வந்த ‘எக்ஸிட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘பாராசூட்’. அதைக் கேட்டால் கட்டுமானம் விளங்கும். விரல்களால் வேகமாக மீட்டும் கிட்டார்தான் முதுகெலும்பு. மணி போல ஒலிக்கும் வாத்தியங்கள் ஒரு சொற்றொடருக்கு வந்து உடனே விலகிவிடுகின்றன. எதுவும் தேவைக்கு மேல் தங்குவதில்லை.

இந்த வகை இசையில் முதலில் இடறுவது சுருதிதான். இதில் சேரும் பொம்மைப் பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தந்தி கிடையாது. சிறு சுத்தியல் கெட்டியான எஃகுக் கம்பியை அடிக்கிறது. முறுக்கிச் சுருதி கூட்ட முடியாது, அரத்தால் தேய்த்தால்தான் மாறும். அந்தக் கம்பியில் கூடவே எழும் துணைச் சுரங்கள் மூலச் சுரத்தின் முழு எண் மடங்குகளாக அமையாது. அதனால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் கரகரக்கும். தீர்வு எளியது: ஒரு நேரத்தில் ஒரே சுரம், அதுவும் கிட்டாரின் மெட்டையே மேல் ஸ்தாயியில் தொடரும்படி. அப்போது தெறிப்பு பொம்மைப் பியானோவுடையதாகவும் கனம் கிட்டாருடையதாகவும் கேட்கும். பதிவு செய்யும்போது பொம்மைப் பியானோவை முதலில் எடுத்து, கிட்டாரை அதற்குச் சுருதி சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் ஊதும் மெலோடிக்கா, அதாவது கட்டைகள் கொண்ட ஊதுவாத்தியம், பொதுவாக 442 ஹெர்ட்ஸ் சுருதியில் வரும் (சுருதி சேர்க்க அளவுகோலாகக் கொள்ளும் ‘ஏ’ சுரத்தின் அதிர்வெண் இது). சுருதி காட்டும் மின்கருவியைப் பார்த்துக் கிட்டாரை 440-க்குச் சேர்த்திருந்தால் வித்தியாசம் சுமார் எட்டு சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தனியாகக் கேட்டால் தெரியாது. இரண்டும் அந்த ‘ஏ’ சுரத்தில் நீடிக்கும்போது நொடிக்கு இரண்டு அலைவு கேட்கும், ஒரு ஸ்தாயி மேலே போனால் நான்கு. மெலோடிக்காவின் நாக்குகளைச் சுரண்டுவதைவிட மற்ற வாத்தியங்களை 442-க்கு ஏற்றிக்கொள்வதே நல்லது.

அடுத்த சிக்கல் இரைச்சல். வீட்டு அறையில் தனித்தனியாக எடுக்கும் ஒவ்வொரு தடத்திலும் மெல்லிய இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். ஒரே அளவு இரைச்சல் உள்ள தடங்கள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் மொத்த இரைச்சல் 3 டெசிபெல் ஏறும். பதினாறு தடங்களுக்கு 12 டெசிபெல். ஆகவே வாத்தியம் ஒலிக்காத இடங்களை ஒவ்வொரு தடத்திலும் வெட்டி மௌனமாக்கியே தீர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் அடுக்கு இசையின் தெளிவில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

2010-இல் ‘போர்ட் என்ட்ரோபி’, 2012-இல் ‘இன் ஃபோகஸ்?’ ஆகியவை வந்தன. பின்னதில் உள்ள ‘கடாச்சி’ பாட்டின் காணொளியைப் போலந்தின் கியெக், அடாம்ஸ்கி என்ற இருவர் உருவாக்கினார்கள். சுமார் 2,000 பி.வி.சி. வெட்டுருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் படமெடுத்த அசைவூட்டம் அது. பாட்டின் அடுக்குகளைக் கண்ணால் பார்ப்பது போலவே இருக்கும். இசையைப் புரிந்துகொண்டு எடுக்கப்பட்ட காணொளிகளில் அதற்கு மிக உயர்ந்த இடம் தருவேன். 2016-இல் ‘டாஸ்’.

மேடையில் இத்தனை தடங்களையும் ஒருவரே வாசிக்க முடியாதே? குழுவோடு வருகிறார். ஒவ்வொருவரும் ஒரே பாட்டுக்குள் வாத்தியம் மாற்றிக்கொள்கிறார்கள். கிட்டாரையும் குரலையும் மட்டும் அவர் விடுவதில்லை.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் ‘எக்ஸிட்’டில் தொடங்குங்கள். தலையணி ஒலிப்பான் கட்டாயம். முதல் முறை கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள், இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டுப் பின்னால் வந்துபோகும் மணியோசைகளை எண்ணுங்கள். ‘நைட் பீஸ்’ அதற்குப் பிறகு இருக்கட்டும். வணக்கம்.