அத்தையின் மாத்திரைப் பை: ரெண்டு மாநில மருந்தும் ஒரே முறத்தில்

வணக்கம் மக்களே. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். இன்றைக்குச் சமையல் கிடையாது. இந்த முறத்தைப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். மாமியாரின் மஞ்சள் பையைக் கவிழ்த்ததும் விழுந்த மாத்திரைகள்தான் இவ்வளவும். அத்தைக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது.

எங்கள் பக்கத்து நிலைமை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் பாலக்காடு மாவட்டம், வீட்டில் பேசுவது தமிழ். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இங்கேயே ஹெல்த் சென்டரில் மாத்திரை தருகிறார்கள். நெஞ்சுக்குப் பார்க்க வேளந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூர் போவோம். முட்டி வலிக்குக் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி. மூன்று டாக்டர்களும் நல்ல டாக்டர்கள்தான். ஆனால் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அத்தை. அவருக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், படிக்க வராது. கவர் மேல் எழுதியிருப்பது யாருக்காக?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் அத்தை ராத்திரி பாத்ரூம் போகும்போது தலை சுற்றி, சுவரைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் டைல்ஸைத்தான் திட்டினார்கள். வழுக்காத மேட் போட்டோம், கைப்பிடி அடித்தோம், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ராத்திரி லைட் வைத்தோம். இதெல்லாம் கட்டாயம் வேண்டும்தான். ஆனால் தலை சுற்றியதற்கு டைல்ஸ் என்ன செய்யும்?

மாமனார் படுக்கையில் இருப்பதால், பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர், அதாவது நீண்ட நாள் நோயாளிகளை வீட்டிலேயே வந்து கவனிக்கும் நர்ஸ், எங்கள் வீட்டுக்கு வருவார். கேரளாவில் 2008லேயே இதற்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டது. கேன்சர் வந்தவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைத்துக் கூப்பிடாமல் இருக்காதீர்கள். அந்த சிஸ்டர்தான் அத்தையைப் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவை பிரஷர் பார்த்தார். நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் கவனிக்க வேண்டும். அத்தைக்கு அதைவிட அதிகமாகவே இறங்கியது. "மருந்து எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார் சிஸ்டர். அப்போதுதான் இந்த முறம் வெளியே வந்தது.

இந்த ரெண்டு அட்டையையும் பாருங்கள். நிறம் வேறு, பெயர் வேறு. ஆனால் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் கீழே எறும்பு சைஸில் இருக்கும். போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ரெண்டிலும் அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்து. ஒன்று இந்த மாநிலத்தில் கொடுத்தது, இன்னொன்று அந்த மாநிலத்தில் எழுதியது. அத்தை ரெண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அம்லோடிபின் கூடினால் கணுக்கால் வீங்கலாம். வீங்கியது. அந்த வீக்கத்தைக் காட்டியபோது, நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்ந்தது. அதைச் சாயங்காலம் போட்டதால் ராத்திரி நாலு தடவை எழுந்து போக வேண்டியதாயிற்று. ஏற்கெனவே பிரஷர் இறங்கியிருக்கிற உடம்பு, தூக்கக் கலக்கம், இருட்டு. ஒரு மாத்திரையின் பக்கவிளைவை இன்னொரு நோய் என்று எண்ணி அதற்கும் ஒரு மாத்திரை சேரும் கதை வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் சகஜம்.

வயதானவர்களுக்கு யோசித்துத் தர வேண்டிய மருந்துகளுக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. பீயர்ஸ் பட்டியல் என்பார்கள். 1991இல் மார்க் பீயர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் தொடங்கியது, 2023இலும் புதுப்பித்திருக்கிறார்கள். நாம் கடையில் சாதாரணமாகக் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் அதில் வருகிறது. தூக்கமும் குழப்பமும் தரும், சிறுநீரைக் கட்டும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும், சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடிய பழைய மாத்திரை கிளிபென்கிளமைடும் வருகின்றன. டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளையும் சும்மா விடக் கூடாது. சில வகை பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை ரெண்டோடும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து. எங்கள் முறத்தில் அதுவும் இருந்தது.

இதைக் கேட்டுவிட்டு இன்று ராத்திரியே எதையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையையும் சில பிரஷர் மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்தினால் வேறு வம்பு வரும். முறத்தோடு ஒரே ஒரு டாக்டரிடம் போய், "இதில் எது வேண்டும், எது வேண்டாம்" என்று கேளுங்கள். நாங்கள் ஹெல்த் சென்டர் டாக்டரிடம் போனோம். அவர் ஒரு அம்லோடிபினை நிறுத்தினார். வீக்கம் வடிந்த பிறகு நீர் மாத்திரையையும் எடுத்துவிட்டார். வலி மாத்திரைக்குப் பதில் பாராசிட்டமால், அதுவும் அளவோடு.

அப்புறம் இந்தத் தாள். ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறேன், இன்னொரு பிரதி அத்தையின் ஆதார் கார்டு உறையில் இருக்கிறது. மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, எந்த டாக்டர். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், கால்சியம் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதற்கும் ஒரு வரி. தமிழில் எழுதி, மருந்துப் பெயரை மட்டும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறேன். ரெண்டு பக்க ஆஸ்பத்திரிக்கும் உதவும்.

தாளின் அடியில், ராத்திரி அவசரமென்றால் எந்த ஆஸ்பத்திரி என்பதும் இருக்கிறது. கோயம்புத்தூரா பாலக்காடா என்ற சண்டையை அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது போட முடியாது. பகலில், அவரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்தோம். எங்கே போக வேண்டும் என்று அத்தையே சொன்னார், கொழுந்தனாருக்குத்தான் வருத்தம். 108 ரெண்டு மாநிலத்திலும் உண்டு. ஆனால் நம் போன் சில நேரம் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் மாநிலத்தையும் மாவட்டத்தையும் சொல்லிவிட்டு ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்துத் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. இதோ, இந்தத் துண்டில் என்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெயர் இருக்கும் பக்கமாகக் கத்தரித்துக் கேளுங்கள், இல்லையென்றால் முழு அட்டையாக வாங்குங்கள். டாக்டர் நிறுத்திய மாத்திரையை "எதற்கும் இருக்கட்டும்" என்று பையில் போட்டு வைக்காதீர்கள். அன்றைக்கே தாளில் சிவப்பு மையால் அடித்துத் தேதி போட்டு, மிச்சத்தை அத்தை கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள்.