தூக்கில் போட்ட பிறகும் விடவில்லை: ரோஜர் கேஸ்மென்டின் உடலும் ஒரு கடற்கரை நடனமும்

[திரையில்: பென்டன்வில் சிறையின் பழைய புகைப்படம்]

1916 ஆகஸ்ட் 3, லண்டன். காலையில் ஒருவரைத் தூக்கில் போடுகிறார்கள். உயிர் போன பிறகு சிறை மருத்துவர் அந்த உடலைச் சோதித்துப் பார்க்கிறார். எதற்குத் தெரியுமா? இவர் ஆண்களோடு உறவு வைத்திருந்தாரா என்று பார்த்து மேலிடத்துக்கு எழுத! செத்த உடம்பிடமும் வாக்குமூலம் கேட்ட அரசாங்கம் அது. நூறு வருடம் கழித்து அதே மனிதரை ஓர் ஐரிஷ் நடனக் கலைஞர் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தப் படைப்பை ஆதரித்ததில் அயர்லாந்தின் கலைக் கவுன்சிலும் உண்டு, பிரிட்டனின் முதல் உலகப்போர் நூற்றாண்டுக் கலைத்திட்டமும் உண்டு.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரோஜர் கேஸ்மென்ட், பிறந்தது டப்ளின் பக்கம், 1864. பிரிட்டிஷ் தூதராக இருந்துகொண்டே காங்கோவில் ரப்பருக்காக நடந்த கொடுமைகளை 1904 அறிக்கையில் அம்பலப்படுத்தினார். அமேசானில் புட்டுமாயோவிலும் அதையே செய்தார், 1911இல் சர் பட்டம் கிடைத்தது. அப்புறம் அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியிடம் ஆயுதம் கேட்டுப் போய், 1916 ஏப்ரல் 21, புனித வெள்ளியன்று நீர்மூழ்கிக் கப்பலில் வந்து கெர்ரி மாவட்டத்தின் பன்னா கடற்கரையில் இறங்கினார். அன்றே பிடிபட்டார். தேசத்துரோகம், மரண தண்டனை.

இங்கேதான் டைரிகள் வருகின்றன. அவரைக் காப்பாற்றக் கருணை மனுக்கள் குவிந்தபோது, ஆண்களோடான உறவுகளைப் பற்றி அவர் எழுதிய அந்தரங்க டைரிகளிலிருந்து எடுத்த பக்கங்களை அதிகாரிகள் பத்திரிகைக்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அமெரிக்கத் தூதருக்கும் ரகசியமாகக் காட்டினார்கள். ஆதரித்தவர்களில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். டைரிகள் போலி என்று அயர்லாந்தில் பல வருடம் சண்டை நடந்தது. 2002இல் தடயவியல் சோதனை அவை அவர் கையெழுத்துதான் என்றது. இன்னும் ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1910ஆம் வருடம். புட்டுமாயோவில் இருந்த நாட்களுக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன. விசாரணைக் குறிப்பில், பழங்குடி மக்களின் முதுகிலும் தொடையிலும் இருந்த சவுக்குத் தழும்புகளை ஒவ்வொன்றாக எழுதுகிறார். அந்தரங்க டைரியில், பார்த்த ஆண்களின் அழகை எழுதுகிறார், பயணத்தில் காசு கொடுத்து உறவு கொண்டவர்களை எழுதுகிறார். இரண்டையும் எழுதியது ஒரே கை. இன்னொன்று கேளுங்கள். அங்கிருந்து ஒமாரினோ, அரெடோமி என்று இரண்டு இளைஞர்களை 1911இல் லண்டனுக்குக் கூட்டி வந்தார். கொடுமைக்குச் சாட்சியாக உலகத்துக்குக் காட்டத்தான். ஆனால் சிறியவனான ஒமாரினோவை அவர் வாங்கியது ஒரு சட்டைக்கும் ஒரு கால்சட்டைக்கும்! அடிமைத்தனத்தை எதிர்த்த மனிதர் ஒரு பையனைத் துணி கொடுத்து வாங்கியிருக்கிறார். இதை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்கினால் நாமும் பொய்தான் சொல்கிறோம். அதே சமயம் இதைச் சாக்காக வைத்து, அவர் ஆண்களை விரும்பியதையே குற்றமாக்குவது அன்றைய அதிகாரிகளின் வேலை. அதை நாம் தொடரக்கூடாது.

[திரையில்: பன்னா கடற்கரை, அலைகள்]

சரி, நடனத்துக்கு வருவோம். முதலில் சொன்ன அந்த நடனக் கலைஞர் ஃபெர்கஸ் ஓ கொன்கூர், ஐரிஷ் மொழி பேசும் ரிங் பகுதியில் வளர்ந்தவர். 2016இல் அவர் நடத்திய கேஸ்மென்ட் திட்டத்தில் மேடை நிகழ்ச்சி, நடனப்படம், கருத்தரங்கு எல்லாம் உண்டு. மேடை நிகழ்ச்சியின் பெயர் 'வண்ணத்துப்பூச்சிகளும் எலும்புகளும்'. அமேசானில் கேஸ்மென்ட் சேகரித்த வண்ணத்துப்பூச்சிகள் டப்ளின் அருங்காட்சியகத்துக்குப் போயின, சிறைக்குழியிலிருந்து அவர் எலும்புகள் 1965இல்தான் அயர்லாந்து வந்து சேர்ந்தன. இதில் ஒரே ஒருவர் கேஸ்மென்டாக வேடம் கட்டுவதில்லை. ஆண்களும் பெண்களுமாக எல்லோரும் மாறி மாறி அவராகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கேட்கும், ஆடுகிற உடலிடம் அப்படிக் கேட்க முடியாது. விருப்பமும் வெட்கமும் அதிகாரமும் ஒரே தோளில் வந்து நிற்கும், நாம் பார்த்துத்தான் ஆகவேண்டும். அந்த வருடம் ஜூலை 23 அன்று பன்னா கடற்கரையிலேயே, கேஸ்மென்ட் வந்து இறங்கிய இடத்திலேயே, இலவச நடனத் திருவிழா நடத்தினார்கள்.

இப்போது இசை. 1904 ஜூனில், காங்கோ அறிக்கை வெளியான சில மாதங்களில், அயர்லாந்தின் வடக்கே ஆன்ட்ரிம் பள்ளத்தாக்குகளில் ஐரிஷ் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் விளையாட்டுக்கும் விழா எடுத்தார்கள், அதை நடத்த முன்நின்றவர்களில் கேஸ்மென்ட் ஒருவர். பின்னாளில் அவரைப் பற்றியே ஒரு நாட்டுப்பாட்டு பிறந்தது, 'லோன்லி பன்னா ஸ்ட்ராண்ட்'. கப்பல் வருகிறது, துப்பாக்கி வருகிறது, வீரர் தூக்கில் தொங்குகிறார். டைரி பற்றி மூச்சே இல்லை. வீரரைப் பாடினார்கள், காதலித்த மனிதரை வெளியே நிறுத்திவிட்டார்கள். சுதந்திர அயர்லாந்து ஆட்டத்தையும் சும்மா விடவில்லை. 1935இல் பொது நடனங்களுக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டார்கள், வீடுகளிலும் நாற்சந்திகளிலும் சனங்கள் தாங்களாக ஆடியதற்கும் அதை வைத்தே நெருக்கடி கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் போனான், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கி அவன் போட்ட 1861ஆம் வருடச் சட்டம் போகவில்லை. அதை எதிர்த்துப் போராடிய அயர்லாந்துக்காரர் டேவிட் நோரிஸ் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1988இல் ஜெயித்தும், ஆண்களுக்கு இடையிலான உறவு அயர்லாந்தில் குற்றமில்லை என்றானது 1993இல்தான். இந்தியாவின் 377ஆம் சட்டப்பிரிவும் அதே சாம்ராஜ்யம் அதே காலத்தில் எழுதியது, நமக்கு 2018 வரை ஆனது. இலங்கையில் 365, 365ஏ பிரிவுகளை எதிர்த்து இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நடனப்படத்தின் பெயர் 'ஐ'ம் ரோஜர் கேஸ்மென்ட்'. கிடைத்தால் முதலில் பாட்டைக் கேளுங்கள், அப்புறம் படத்தைப் பாருங்கள். பாட்டு எங்கே வாயை மூடிக்கொள்கிறதோ அங்கேதான் உடம்பு பேச ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கு எப்படி இருந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள், ஒமாரினோ விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.