சீஸும் பசுவின் ஏப்பமும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் கடைகளில் அடுக்கியிருக்கும் பால்மாப் பைக்கற்றுகளில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. அதே நாட்டுப் பசுக்களின் பால்தான் சீஸாகவும் வெண்ணெயாகவும் உலகமெங்கும் போகிறது. அந்நாடு வெளிவிடும் பச்சை வீட்டு வாயுக்களில் ஏறக்குறைய பாதி வேளாண்மையால் வருவது. பணக்கார நாடுகளில் இது அபூர்வம். ஆகவே பால் தொழில் தன்னால் வரும் சூட்டைக் குறைத்துக்கொள்ளுமா என்று பார்க்க நியூசிலாந்தைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் ஆலைக்குள் போவோம். தென் தீவின் ஒடாகோ பகுதியில் ஸ்டேர்லிங் என்றொரு சிற்றூர். அங்கே ஃபொன்டெரா என்ற பால் விவசாயிகளின் கூட்டுறவுக்கு ஒரு சீஸ் ஆலை இருக்கிறது. பாலைச் சூடாக்க, தொட்டிகளையும் குழாய்களையும் வெந்நீரில் கழுவ, எல்லாவற்றுக்கும் வெப்பம் வேண்டும். நிலக்கரி எரித்துத்தான் அந்த வெப்பத்தைப் பெற்றார்கள். 2022இல் அதை விட்டுவிட்டு, மரக்கழிவை எரிக்கும் கொதிகலனுக்கு மாறினார்கள். இதனால் ஆண்டுக்குச் சுமார் 18,500 தொன் காபனீரொட்சைட்டு குறைகிறது என்பது நிறுவனத்தின் கணக்கு. அதற்கு முன்பே, 2020இல், வட தீவின் டே அவமுட்டு ஆலையும் நிலக்கரியிலிருந்து மரத்துக்கு மாறியிருந்தது. பால்மா செய்யும் இடங்களில் இந்த மாற்றம் இன்னும் பெரிய விஷயம். பாலில் 87 சதவீதம் தண்ணீர். அதை ஆவியாக்கியே தீர வேண்டும்.

நல்ல வேலைதான். இப்போது பசுவின் பக்கம் வருவோம்.

ஒரு கறவைப் பசு ஆண்டுக்கு 100 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மெதேன் வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கமாகப் போவது கொஞ்சம்தான்; கிட்டத்தட்ட முழுவதும் வாய்வழியே, ஏப்பமாக வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மெதேனின் சூடாக்கும் திறன் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 28 மடங்கு. அப்படியானால் ஒரு பசுவின் ஏப்பம் ஆண்டுக்கு இரண்டரைத் தொன் காபனீரொட்சைட்டுக்கு மேல் சமம். ஸ்டேர்லிங் ஆலை மிச்சப்படுத்தியதை இந்த எண்ணால் வகுத்தால் சுமார் ஏழாயிரம் பசுக்கள். அங்கே ஒரு பண்ணையில் சராசரியாக 440 பசுக்கள் இருக்கும். ஆக, ஒரு முழு ஆலையின் நிலக்கரியும் பதினாறு பண்ணைகளின் ஏப்பமும் சரிக்குச் சரி. பண்ணைகளோ நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கு மேல்.

ஆலைக்காரர்களைக் குறை சொல்ல வரவில்லை. கொதிகலனைக் காசு இருந்தால் மாற்றலாம், அளந்து காட்டலாம், ரிப்பன் வெட்டித் திறந்தும் வைக்கலாம். ஏப்பத்துக்கு ரிப்பன் கட்ட முடியாதே! ஆனால் ஆலையின் படத்தைக் காட்டி "எங்கள் சீஸ் பசுமையானது" என்று யாராவது சொன்னால், பசுவைப் பற்றியும் கேளுங்கள். ஒரு கிலோ கெட்டி சீஸுக்குச் சுமார் பத்து லீற்றர் பால் போகிறது. அதன் சூட்டுக் கணக்கில் மிகப் பெரும்பங்கு பால் ஆலை வாசலுக்கு வருமுன்பே ஏறிவிட்டது.

இந்த ஏப்பத்துக்கு மருந்து இல்லையா? உண்டு. பசுவின் பெரிய இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து மெதேன் ஆக்குகின்றன. அதன் கடைசிப் படியைச் செய்யும் நொதியைத் தடுக்கும் ஒரு பொருள் பொவேர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதித்தது. நாளொன்றுக்கு ஒரு பசுவுக்குக் கால் தேக்கரண்டி. கறவைப் பசுக்களில் மெதேன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஆனால் இரைப்பைக்குள் போன சில மணி நேரத்தில் அது சிதைந்துவிடும். தொழுவத்தில் கலந்து வைத்த தீவனம் தின்னும் டென்மார்க் பசுவுக்கு, ஒவ்வொரு வாய்த் தீவனத்தோடும் மருந்து உள்ளே போகும். நியூசிலாந்துப் பசு ஆண்டு முழுவதும் வெளியில் புல் மேய்கிறது. கறக்க வரும்போது ஒரு கவளம் கொடுத்தால், அடுத்த கறவைக்குள் மருந்தின் வேலை தீர்ந்துவிடும். அதனால்தான் இரைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கரையும் குளிகை, தடுப்பூசி என்று அங்கே வேறு வழி தேடுகிறார்கள்.

இதற்கிடையில் உண்மையாகவே குறைந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014–15இல் 50 இலட்சமாக இருந்த கறவைப் பசுக்கள் இப்போது சுமார் 47 இலட்சம். பால் அந்த அளவுக்குக் குறையவில்லை, ஒவ்வொரு பசுவும் கூடுதலாகக் கறக்கிறது. புல்வெளிக்குப் போடும் செயற்கை நைதரசன் உரத்துக்கும் 2021இலிருந்து ஹெக்டயருக்கு ஆண்டுக்கு 190 கிலோ என்று உச்சவரம்பு உண்டு. நோயில்லாத மந்தை, நல்ல இனம், அளவான உரம் எல்லாம் பழைய பண்ணைப் புத்திதான். புது மருந்துகளைவிட இதுவரை அதிகம் சாதித்தது இதுவே என்பது என் எண்ணம்.

வரி போட்டுக் குறைக்கலாமே என்பீர்கள். 2003இல் கால்நடைகளின் மெதேனைக் குறைக்கும் ஆராய்ச்சிச் செலவுக்காக விவசாயிகள்மீது ஒரு சிறு வரி பேசப்பட்டது. வானொலியில் சொல்லக் கூச்சமான ஒரு பட்டப்பெயர் அதற்குக் கிடைத்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஷேன் ஆர்டெர்ன் உழவு இயந்திரத்தை நாடாளுமன்றப் படிகளில் ஏற்றியதோடு அந்தக் கதை முடிந்தது. 2022இல் ஏப்பத்துக்கு விலை போட மீண்டும் ஒரு திட்டம், மீண்டும் ஊர்வலம். வெளிவிடும் வாயுவுக்கு நிறுவனங்கள் காசு கட்ட வைக்கும் உமிழ்வு வணிகத் திட்டத்துக்கு வெளியே வேளாண்மையை 2024இல் புதிய அரசு வைத்தது.

வரி தோற்ற இடத்தில் இப்போது வாங்குபவரின் பணம் நுழைந்திருக்கிறது. தன் விவசாயிகளில் உமிழ்வு மிகக் குறைந்தவர்களுக்கு ஒரு கிலோ பால் திடப்பொருளுக்கு, அதாவது பாலிலுள்ள கொழுப்புக்கும் புரதத்துக்கும், 10 முதல் 25 நியூசிலாந்துச் சதம் வரை கூடுதலாகத் தருவதாக ஃபொன்டெரா 2025இல் அறிவித்தது. அந்தப் பணத்தை நெஸ்லேயும் மார்ஸும் கொடுக்கின்றன. சொக்லேற் செய்பவர்களுக்குப் பாலின் கணக்கும் தங்கள் கணக்கில்தான் சேர்கிறது. தொகை சிறிது, கிடைப்பதும் சில நூறு பண்ணைகளுக்குத்தான். இருந்தாலும் இதை எதிர்த்து யாரும் உழவு இயந்திரத்தில் ஏறவில்லை.

நன்றி. வணக்கம்.