சப்பாத்தி பிசைந்த கையும் ஒரு சோடா ரொட்டியும்

வணக்கம். காலைச் சிற்றுண்டியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். இட்லி தோசையைப் பற்றிப் பேச என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள், அதனால் நான் ஒரு ரொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஈஸ்ட் வேண்டாம், மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம், ஆறு மணிக்கு மாவில் கை வைத்தால் ஏழரைக்குத் தட்டில் இருக்கும். அயர்லாந்துக்காரர்களின் சோடா ரொட்டி.

அந்த ஊரில் இது பிறந்ததற்குக் காரணம் அங்குள்ள கோதுமைதான். குளிரும் ஈரமுமான மண்ணில் விளைகிற அந்தக் கோதுமை மென்மையானது, அதில் பசைச்சத்து குறைவு, ஈஸ்ட் போட்டால் ரொட்டி நன்றாக உப்பி நிற்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சமையல் சோடா அங்கே புழக்கத்துக்கு வந்தது. வெண்ணெய் கடைந்த மோர் வீட்டுக்கு வீடு இருந்தது, ரொட்டி சுடும் அடுப்புதான் இல்லை. மூன்று கால் வைத்த இரும்புப் பானையைக் கணப்புக்கு மேலே தொங்கவிட்டு, மூடியின் மேலும் தணலை அள்ளி வைத்துச் சுட்டார்கள். ஓவன் வராத காலத்தில் நம் வீடுகளில் மேலும் கீழும் கங்கு போட்டுக் கேக் செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

சோடா என்றதும் பயப்படாதீர்கள், நாம் ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடாதான். மோரின் புளிப்பு அதோடு சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பும், அந்தக் குமிழிகள்தான் ரொட்டியைத் தூக்குகின்றன. ஆனால் அவை மோர் பட்ட நொடியிலேயே கிளம்பிவிடும், நீங்கள் போனை எடுத்து ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதற்குள் பாதி போயிருக்கும். அதனால் ஓவனை முதலிலேயே 200 டிகிரிக்குச் சூடாக்கி வைத்துவிட்டுத்தான் மோரைத் தொட வேண்டும்.

அளவு சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவு 300 கிராம், மைதா 150 கிராம், சமையல் சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், கெட்டி மோர் ஏறக்குறைய 400 மில்லி. மைதா எதற்கு என்று கேட்பீர்கள். முழுக்கக் கோதுமை மாவிலும் செய்யலாம், கனமாக வரும், எனக்கு அது பிடிக்கும், என் வீட்டில் மற்றவர்களுக்குப் பிடிக்காது. அயர்லாந்தின் மாவு கரகரப்பானது, நம் மாவு நைஸ், அந்தக் கரகரப்புக்காக நான் ஒரு கைப்பிடி ஓட்ஸ் சேர்ப்பேன். மோர் என்றால் வெயிலுக்குக் குடிக்கிற நீர்மோர் இல்லை, முந்தாநாள் புளித்த தயிர் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. சோடாவைக் கூட்டினால் நன்றாக உப்பும் என்று கணக்குப் போடாதீர்கள், புளிப்புக்கு மிஞ்சிய சோடா ரொட்டியிலேயே தங்கி, வாயில் வைத்தால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை நான் செய்த ரொட்டியை அம்மிக்குப் பதிலாக வைத்திருக்கலாம். சோடா, மோர், சூடு எல்லாம் சரிதான், தப்பு என் கையில் இருந்தது. நாற்பது வருஷம் சப்பாத்திக்குப் பிசைந்த கை, மாவைக் கண்டதும் தானாகவே அழுத்தி உருட்டி மடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டது! பிசையப் பிசையக் கோதுமையின் பசை இழுபட்டு இறுகும், சப்பாத்திக்கு அதுதான் உயிர், இதற்கு அதுதான் எமன். நம் கோதுமையில் அந்தப் பசை அயர்லாந்துக் கோதுமையைவிட அதிகம் வேறு. ஆகவே விரல்களை நண்டுக்கால் மாதிரி அகட்டி வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி நாலு தடவை கிளறினால் போதும். உலர்ந்த மாவு எங்கும் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கெட்டியான வடை மாவு மாதிரி கையில் ஒட்டும், அசிங்கமாக இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் பிசைந்தால் நன்றாக இருக்குமே என்று கை அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள்.

மாவு தூவிய தட்டில் வட்டமாகத் தட்டி, கத்தியால் ஆழமாக ஒரு சிலுவைக் கோடு போடுங்கள். குட்டிச்சாத்தான்கள் வெளியே போக வழி என்று அங்கே கதை சொல்வார்கள். அப்புறம் பார்த்தால், நடுப்பகுதிக்குச் சூடு போகவும் வெந்தபின் நாலாகப் பிட்கவும் அந்தக் கோடு உதவுகிறது, சாத்தான் போனால் அதுவும் லாபம். தட்டை ஓவனில் வைத்து, 40, 45 நிமிஷம் கழித்து ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டுங்கள், வெற்றுப் பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. மொறுமொறுப்பு வேண்டாதவர்கள் சூட்டோடு துணியில் சுற்றி வைக்கலாம். அரை மணி நேரமாவது ஆறவிட்டு வெட்டுங்கள், அவசரப்பட்டால் உள்ளே களி மாதிரி ஒட்டும்.

இதில் உலர்திராட்சை போட்டால் அந்த ஊரில் அதற்குப் பெயர் 'புள்ளி நாய்'. கறாரானவர்கள் அது சோடா ரொட்டியே இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். நான் போடுவேன், அவர்கள் என் வீட்டுக்கு வரப்போவதில்லை.

கடையில் பழுப்பு ரொட்டி கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்பவர்கள், அந்த உறையின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். முதல் பெயர் மைதாவாக இருந்து, கீழே கேரமல் நிறம் என்றும் இருந்தால், அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரொட்டி ஒரு நாளுக்குத்தான். மறுநாள் காய்ந்துபோகும், அப்போது தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டி எடுங்கள். என் வீட்டில் அதற்காகவே இரண்டு துண்டை யாராவது ஒளித்து வைத்துவிடுகிறார்கள். வணக்கம்.