உங்கள் தெரு மாநகராட்சி பட்ஜெட்டுக்குள் நுழைவது எப்படி? கவுன்சிலரின் நாற்காலியிலிருந்து ஒரு விளக்கம்

[திரையில்: மாமன்றக் கூட்ட அரங்கு, மேசை மேல் தடித்த பட்ஜெட் புத்தகம்]

குரல்:
வணக்கம். தெருவில் தண்ணீர் தேங்கினாலும், விளக்கு எரியாவிட்டாலும், குப்பை வண்டி வராவிட்டாலும் முதல் போன் கவுன்சிலருக்குத்தான் போகும். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு வார்டு கவுன்சிலரால் மாநகராட்சிப் பணத்தில் ஒரு ரூபாய்க்குக்கூட காசோலை எழுத முடியாது. கையெழுத்து ஆணையருடையது. மதிப்பீடு போடுவது பொறியாளர். வேலை செய்வது ஒப்பந்ததாரர்.

அப்படியானால் கவுன்சிலர் கையில் என்னதான் இருக்கிறது? மாமன்றத்தில் ஒரு ஓட்டு, கேள்வி கேட்கும் உரிமை, தன் வார்டுக்கு எந்த வேலை முதலில் என்று பரிந்துரைக்கும் அதிகாரம். சென்னை போன்ற இடங்களில் வார்டு மேம்பாட்டு நிதியும் உண்டு. 2023 ஜூலை முதல் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய், நகராட்சி கவுன்சிலருக்கு 5,000 ரூபாய்.

இந்த வீடியோவில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறோம். உங்கள் தெருவின் குறை எப்போது, எந்த வடிவத்தில் போனால் பட்ஜெட்டில் ஒரு வரியாக மாறும்? புகார் வேறு, பணி வேறு. அடைப்பு எடுப்பது புகார். கால்வாய் கட்டுவது பணி. புகாருக்கு ஏற்கெனவே ஆளும் பணமும் இருக்கும். பணிக்கு இரண்டையும் புதிதாகத் தேட வேண்டும். பெரும்பாலான கோரிக்கைகள் இரண்டும் கலந்தபடி வந்து, இரண்டு பக்கமும் நகராமல் நின்றுவிடுகின்றன.

[திரையில்: ஒரு தெருவின் குறுக்குவெட்டு. குழாய், கேபிள், கால்வாய், சாலை தனித்தனி நிறத்தில்]

முதலில், யார் பணம் என்று பாருங்கள். சென்னையில் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சி பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பே கிடையாது. மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை, பூங்கா, ஆரம்ப சுகாதார நிலையம் மாநகராட்சியுடையவை. மற்ற ஊர்களில் பெரும்பாலும் குடிநீர் விநியோகமும் நகராட்சி கையில்தான். ஊருக்கு நடுவே போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். அந்தச் சாலையில் இருக்கும் பள்ளத்துக்கு மாமன்றத்தில் தீர்மானம் போட்டாலும் பைசா ஒதுக்க முடியாது. கவுன்சிலர் செய்யக்கூடியது, அந்தத் துறைக்கு எழுதிப் பின்தொடர்வது மட்டுமே.

வரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சொத்து வரிதான் முதுகெலும்பு. அரையாண்டு வரி: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். வரியோடு சேர்த்து வசூலாகும் நூலக வரி உள்ளாட்சியுடையது அல்ல, நூலகத் துறைக்குப் போய்விடும். தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். சொத்துப் பத்திரம் பதியும்போது கட்டும் முத்திரைத் தீர்வையில் ஒரு பங்கு உள்ளாட்சிக்கு வரும். பிறகு, மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து மாநில நிதிக்குழு பரிந்துரைப்படி வரும் பகிர்வு. கடைசியாக, மத்திய நிதிக்குழு மானியம்.

இந்த மானியத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பத்து லட்சம் மக்களுக்குக் குறைவான நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று கட்டிவைக்கப்பட்டது. அதை எடுத்துச் சாலை போட முடியாது. "பணம் வந்திருக்கிறதாமே, ஏன் ரோடு போடவில்லை?" என்ற கேள்விக்குப் பல ஊர்களில் பதில் இதுதான். நகராட்சிகளில் கணக்கே மூன்றாகப் பிரிந்திருக்கும்: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. ஒன்றில் மிச்சம் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றுக்கு இஷ்டம்போல எடுக்க முடியாது.

[திரையில்: வருவாய் நிதிக்கு ஒரு பட்டை. சம்பளம், ஓய்வூதியம், தூய்மைப் பணி ஒப்பந்தம், மின்கட்டணம், கடன் தவணை ஒவ்வொன்றாக அதை நிரப்புகின்றன]

செலவுப் பக்கம் வந்தால், பெரும்பகுதி கூட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிட்டது. சம்பளம், ஓய்வூதியம், தூய்மைப் பணி ஒப்பந்தம், மின்கட்டணம், கடன் தவணை. இவற்றில் யாரும் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. தூய்மைப் பணியாளர் சம்பளத்தைத் தாமதித்து அலங்கார வளைவு கட்டுகிற நகராட்சி நல்ல நகராட்சி அல்ல.

ஒரு புதிய வசதி கேட்கும்போது, அது ஒவ்வொரு ஆண்டும் கொண்டுவரும் செலவையும் கவுன்சிலர் கணக்குப் போட வேண்டும். 200 மீட்டர் தெருவுக்கு 30 மீட்டர் இடைவெளியில் விளக்கு என்றால் ஏறக்குறைய 8 கம்பம். ஒவ்வொன்றிலும் 20 வாட் எல்.இ.டி., இரவுக்கு 11 மணி நேரம். ஒரு விளக்குக்கு ஆண்டுக்குச் சுமார் 80 யூனிட், எட்டுக்கு 640 யூனிட். ஒரு தெருவுக்கு இது சின்னத் தொகை. வார்டில் இருக்கும் எல்லாத் தெருக்களுக்கும் போட்டால் மின்கட்டணச் செலவில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

உயர்கோபுர விளக்கில் சிக்கல் இன்னும் அதிகம். நாற்சந்தியில் நிறுத்தினால் எல்லோருக்கும் தெரியும், கல்வெட்டும் வைக்கலாம். ஆனால் மேலே இருக்கும் விளக்கு வளையத்தைக் கம்பிவடம் சுற்றும் வின்ச் வைத்துத்தான் கீழே இறக்க முடியும். வடம் துருப்பிடித்தால் வளையம் இறங்காது, ஒரு பல்பு மாற்றவும் பெரிய கிரேன் தேவை. பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் உயர்கோபுர விளக்கு கேட்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

[திரையில்: நாள்காட்டி, செப்டம்பர் முதல் மார்ச் வரை பக்கங்கள் புரள்கின்றன]

இப்போது நாள்காட்டி. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பட்ஜெட் மாமன்றத்துக்கு வருவது பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில். சென்னையில் வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுத் தலைவர் தாக்கல் செய்வார். அன்றைக்குப் போய் "எங்கள் தெருவைச் சேருங்கள்" என்று கேட்டால் வண்டி போயிருக்கும். துறைகள் தங்கள் தேவைப் பட்டியலைத் திரட்டுவது அதற்குப் பல மாதம் முன்பு. அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் உங்கள் கோரிக்கை உதவிப் பொறியாளரின் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். மாநகராட்சி என்றால் அடுத்தது மண்டலக் குழு. அங்கே கூட்டப் பொருளாக வைக்கப்பட்டு, தீர்மானம் ஆனதா என்று பாருங்கள். தீர்மான எண் இல்லாத வாக்குறுதி எந்தக் கோப்பிலும் ஏறாது.

அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும். இது ஒரு வசதி. தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்று படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. கோடையில் வந்து பார்க்கும் பொறியாளருக்கு அந்தப் படம்தான் சாட்சி.

[திரையில்: இரண்டு மனுக்கள் பக்கத்தில் பக்கத்தில்]

இடப்பக்க மனு: "எங்கள் தெருவில் சாலை மிகவும் மோசமாக உள்ளது. உடனடியாக ஆவன செய்யவும்."

வலப்பக்க மனு: "பிள்ளையார் கோயில் குறுக்குத் தெரு, கதவு எண் 4 முதல் 37 வரை. நீளம் 100 மீட்டர், அகலம் 3.5 மீட்டர். 28 வீடுகள். குடிநீர்க் குழாய் இருக்கிறது. கழிவுநீர் இணைப்பு 19 வீடுகளுக்கு உண்டு, 9 வீடுகளுக்கு இல்லை. கதவு எண் 21 எதிரில் தண்ணீர் தேங்குகிறது, படம் இணைப்பு."

இரண்டாவதைப் பார்த்த உடனே பொறியாளர் தோராய மதிப்பீடு போடலாம். அந்த ஒன்பது வீட்டுக் கணக்கை யாரும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? சாலை போட்ட ஆறாவது மாதம் ஒன்பது இடத்தில் வெட்டுவார்கள். முதலில் கழிவுநீர், பிறகு குடிநீர், பிறகு கேபிள், பிறகு மழைநீர்க் கால்வாய், கடைசியில்தான் சாலை. இந்த வரிசையைக் காப்பாற்றுவதுதான் கவுன்சிலர் தன் வார்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய சேமிப்பு. இதற்குத் தனி நிதி வேண்டாம். நான்கு துறை ஆட்களையும் ஒரே நாளில் தெருவுக்கு வரவழைக்கும் பிடிவாதம் வேண்டும்.

இதே தெருவை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர், 3.5 மீட்டர், 15 சென்டிமீட்டர் கனத்தில் சிமென்ட் சாலை. கான்கிரீட் அளவு 52.5 கன மீட்டர். ஒரு மிக்ஸர் லாரியில் 6 கன மீட்டர் என்றால் ஒன்பது லோடு. கீழே 10 சென்டிமீட்டர் அடித்தளம், 35 கன மீட்டர். இவற்றை விலைப்பட்டியல் விகிதத்தால் பெருக்கி, ஜி.எஸ்.டி., ஒரு சதவீத கட்டுமானத் தொழிலாளர் நலநிதி எல்லாம் கூட்டினால் மதிப்பீடு தயார்.

அந்த மதிப்பீட்டில் மக்கள் பார்க்காமல் விடும் செலவு ஒன்று உண்டு: பழைய சாலையைத் தோண்டி அகற்றும் செலவு. மேலே 15, கீழே 10, மொத்தம் 25 சென்டிமீட்டர். அந்த அளவு தோண்டாமல் மேலேயே போட்டால் தெரு பத்து அங்குலம் உயரும். வாசல்படி மூழ்கும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். தார்ச்சாலைக்கும் இதே கதைதான். 4 சென்டிமீட்டர் தார் மூன்று தடவை மேல்மேலாக விழுந்தால் 12 சென்டிமீட்டர். இருக்கும் சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். மதிப்பீட்டில் அந்தச் செலவு இருந்தால்தான் களத்தில் இயந்திரம் வரும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டின் நகலைக் கேளுங்கள்.

பட்ஜெட்டில் பெயர் வந்தாகிவிட்டது. அப்போதும் வேலை நடக்காமல் போவது ஏன்? நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று படி ஏற வேண்டும். தமிழ்நாடு டெண்டர் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். யாரும் வராவிட்டாலோ, கேட்ட விலை அதிகமாக இருந்தாலோ மறு டெண்டர். ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்த வேலைக்கு ஜூனுக்குள் டெண்டர் முடிந்தால் மழைக்கு முன் சாலை வந்துவிடும். ஆகஸ்டுக்குத் தள்ளினால் அக்டோபர் மழை குறுக்கே நிற்கும். பிறகு ஜனவரி. பிறகு மார்ச் மாதக் கடைசி அவசரம், அந்த அவசரத்தில் போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்றக்கூட நேரமிருக்காது. கவுன்சிலர் மே மாதமே கேட்க வேண்டிய கேள்வி: "என் வார்டுப் பணிகளில் எத்தனை டெண்டருக்குப் போயிருக்கின்றன?"

[திரையில்: 60 லட்சம் × 200 வார்டு = 120 கோடி]

வார்டு மேம்பாட்டு நிதிக்கு வருவோம். சென்னை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட்டில் இது 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்ந்தது. 200 வார்டுக்கும் சேர்த்து 120 கோடி. இதுவும் கவுன்சிலர் பையில் வரும் பணம் அல்ல. அவர் பரிந்துரைப்பார், மதிப்பீடும் டெண்டரும் வழக்கம்போல. இதைப் பெரிய சாலைக்குக் கொட்டுவது நல்ல வழி என்று நாங்கள் நினைக்கவில்லை. சாலைக்கு வேறு திட்டங்கள் வரும். பள்ளிக் கழிப்பறைக்கு மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடிக்கு மதில், உடைந்த சிறுபாலம், தூய்மைப் பணியாளர் உடை மாற்றவும் உட்காரவும் ஓர் அறை. எந்தப் பெரிய திட்டத்தின் பட்டியலிலும் ஏறாத இந்த வேலைகளுக்கு வார்டு நிதியை விட்டால் நாதியில்லை.

மக்கள் பங்களிப்போடு நடக்கும் 'நமக்கு நாமே' திட்டமும் உண்டு. குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தர வேண்டும். குடியிருப்போர் சங்கம் வலுவாக இருக்கும் பகுதிக்கு இது எளிது. அன்றாடக் கூலி வேலை செய்பவர்கள் இருக்கும் தெரு அந்தப் பங்கைப் புரட்ட முடியாமல் பின்தங்கும். அதைச் சமன்செய்ய வேண்டியவர் கவுன்சிலர். பணம் கட்ட முடிந்த தெருவுக்கு நமக்கு நாமே, முடியாத தெருவுக்கு வார்டு நிதி.

இதையெல்லாம் பேச ஓர் இடம் சட்டப்படியே இருக்கிறது. வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டார். பகுதி சபையில் பேசியது பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு காற்றோடு போகும், பதிவேட்டைக் கோப்பில் சேர்க்கலாம்.

[திரையில்: பட்ஜெட் புத்தகத்தின் ஒரு பக்கம், மூன்று பத்திகள் வண்ணமிடப்பட்டு]

பட்ஜெட் புத்தகம் கைக்கு வந்தால் எங்கே பார்ப்பது? ஒவ்வொரு வரிக்கும் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும். போன ஆண்டின் உண்மைக் கணக்கு, இந்த ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் ஒதுக்கீடு. கடைசிப் பத்தியைத்தான் செய்தியாக்குவார்கள். நீங்கள் நடுவில் இருப்பதைப் பாருங்கள். போன மார்ச்சில் ஒரு கோடி என்று அறிவித்த வேலைக்குத் திருத்திய மதிப்பீட்டில் ஐந்து லட்சம் என்றிருந்தால், அந்த வேலை நடக்கவில்லை. அதே வேலைக்கு மறுபடி ஒரு கோடி என்று கடைசிப் பத்தியில் இருந்தால், ஏன் நின்றது என்று கேட்காமல் கைதட்டாதீர்கள். வரவுப் பக்கத்தில் கேட்பு (வசூலிக்க வேண்டிய தொகை), வசூல், நிலுவை மூன்றையும் பாருங்கள். பழைய நிலுவை முழுதும் வசூலாகிவிடும் என்று எழுதிச் செலவைப் பெருக்கியிருந்தால், ஆண்டுக் கடைசியில் வெட்டு விழப்போவது புதிய பணிகளில்தான்.

வேலை நடக்கும்போது ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவது அளவுப் புத்தகத்தை, அதாவது எம்-புக்கை வைத்து. நீளம், அகலம், கனம் அதில் எழுதப்பட்டிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் அதன் நகலை மட்டுமல்ல, பணியை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் கேட்கலாம். நகலில் 15 சென்டிமீட்டர் என்றிருந்தால், சாலை ஓரத்தில் கான்கிரீட்டைத் தாங்கிய பலகையைப் பிரித்த அன்றே ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். மண் அணைத்துவிட்டால் பிறகு துளை போட்டுத்தான் பார்க்க முடியும். கான்கிரீட் போட்ட ஒரு நாளுக்குள் குறுக்கே வெட்டு போட்டார்களா, இரண்டு வாரமாவது ஈரச் சாக்கோ பாத்தியோ கட்டி நீர் விட்டார்களா என்பதையும் தெருக்காரர்கள் பார்க்கலாம். கண்டபடி விரிசல் ஓடும் சாலைகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று தவறியிருக்கும்.

வேலை முடிந்த பிறகும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதுவரை ஒப்பந்ததாரரின் பணத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதியைப் பணி ஆணையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். பள்ளம் விழுந்தால் தேதி தாண்டுவதற்குள் படத்தோடு உதவிப் பொறியாளருக்கு எழுதி, ஒப்புகை வாங்கி, ஒரு நகலைக் கவுன்சிலருக்குக் கொடுங்கள். தேதி தாண்டினால் அதே பள்ளத்தை மூட அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் புதிதாக ஒதுக்கீடு தேட வேண்டியிருக்கும்.